பேலட் மேல் ஏற்றிய கட்டில்

உங்கள் மாமா எந்த விசேஷ வீட்டில் உட்கார்ந்தாலும் ஒரு கதை சொல்கிறார். வெள்ளம் வந்தபோது நம் தெருவிலேயே முன்கூட்டி எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தது நம் வீடுதானாம். அவரும் நானும் போட்ட திட்டத்தால்தான் தாத்தா பிழைத்தாராம். போன மாதம் காதுகுத்து விருந்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இதைச் சொன்னபோது நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சின்னவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி படத்தைப் பார்க்கிற பார்வை அது.

அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், கம்பெனி ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். வெள்ளத்துக்கு மூன்று நாள் முன்பே உங்களைச் சுங்குவார்சத்திரத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டோம், அதனால் நீங்கள் எதையும் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர் கதை விடுகிறார். மற்றவர்கள் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். நானும் இதுநாள் வரை அப்படித்தான் சிரித்தேன்.

முதலில் நாம் குடியிருக்கும் இடத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரகடம் ரோட்டிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் உள்ளே வந்தால் பெரிய வளைவு ஒன்று, அதில் ‘நகர்’ என்று முடியும் ஒரு பெயர். மனை விற்றவன் சித்திரை மாதத்தில் பந்தல் போட்டு, நீர்மோர் கொடுத்து, எங்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். பின்னால் பள்ளமாக இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். மழைத்தண்ணீர் போகிற சின்னக் கால்வாய் என்றான். எட்டிப் பார்த்தேன். சீமைக்கருவேல முள்ளும், பழைய செருப்பும், யாரோ எறிந்த தெர்மாகோல் பெட்டியும் கிடந்தன. வெயில் காலத்தில் அது கால்வாய்தான். மழைக்காலத்தில் மேலே உள்ள ஏரிகள் நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்தால் அதே பள்ளம் ஆறாகிவிடும், அடையாற்றில் போய்ச் சேருகிற ஆறு. இது ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என்னைப் போன்ற புத்திசாலிகள் முப்பது பேர் கொளுத்தும் வெயிலில் ஆற்றைப் பார்த்து, இது கால்வாய்தான் என்று தலையாட்டிவிட்டு வந்து பத்திரம் பதிந்தோம்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நாள் முழுக்க ஏரி உடைந்துகொண்டே இருந்தது. எந்த ஊர் ஏரி, எந்த வருஷத்து வீடியோ என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலை ஒன்று தெருவில் நடந்து போகிற வீடியோவை மட்டும் நாலு பேர் தனித்தனியாக அனுப்பினார்கள். ஒரே ஒரு உருப்படியான செய்தி ஒலிபெருக்கி கட்டின ஆட்டோவில் வந்தது. பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டுத்தெரு கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுங்கள், முடியாதவர்களை முதலில் அழைத்துப் போங்கள் என்று ஆட்டோ மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனது. நாங்கள் கேட்டுவிட்டு, ஆட்டோக்காரரின் உச்சரிப்பைக் கிண்டல் செய்தோம்.

முடியாதவர் நம் வீட்டில்தான் இருந்தார். உங்கள் தாத்தா, அதாவது அம்மாவுடைய அப்பா. அரிசி மண்டியில் மூட்டை தூக்கின உடம்பு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்ட பிறகும் அந்த உடம்பின் கனம் குறையவில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது. வந்ததெல்லாம் நக்கலாக வந்தது. முன்னறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவர் கட்டில். உங்கள் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ரோடு காய்ந்திருக்கும்போதே அவரை மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

தாத்தா முடியாது என்று சொல்லிவிட்டார்.

“அங்க நூறு பேர் படுத்துகினு இருப்பான். அத்தினி பேர் முன்னாடி எனக்கு துணி மாத்துவியா நீ?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். மாமாவே (தாத்தாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வேண்டாம் என்கிறார், அவரை ஏன் வற்புறுத்த வேண்டும், வீட்டிலேயே பாதுகாப்பாக வைத்துக்கொள்வோம் என்றேன். இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் மாமா, அதாவது அம்மாவுடைய சித்தி மகன். அவர் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் உதவியாளர். தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று பலகை மாட்டுகிற வேலை. இதுவரை தீப்பிடிக்கவில்லை, அதனால் அந்தப் பலகைகளில் குறை கண்டவரும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வந்து நாலு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினார். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் இடம். மிக்ஸி எண் ஐந்து, பரண் இடது பக்கம். கடப்பாரை, சுத்தியல், கயிறு மூன்றும் சேர்த்து எண் பதினாலு, பரண் பின்வரிசை. பரணில் எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சீட்டு ஒட்டினார். திட்டத்தை ஒரகடத்தில் லேமினேஷன் போட்டு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். ‘யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து, எந்தப் பொருள் எங்கே என்று அரை நிமிஷத்தில் எடுக்கலாம்’ என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. தெருவுக்கே ஒரு அசெம்பிளி பாயிண்ட் வேண்டும் என்றார். ஆபத்து என்றால் எல்லோரும் ஓடி வந்து கூட வேண்டிய இடம். காலியாக இருந்த ஒரே இடம் வளைவுக்குப் பக்கத்து மனை. அது காலியாக இருந்ததற்குக் காரணம், நகரிலேயே அதுதான் பெரிய பள்ளம், யாரும் வாங்கவில்லை. அங்கே பச்சைப் பலகை நட்டார். மதியம் விசில் ஊதி ஒத்திகை வேறு. முப்பது குடும்பமும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் நின்றோம். பிஸ்கெட் கொடுத்தார். தலை எண்ணும்போது தாத்தா பெயருக்கு நேராகவும் டிக் போட்டார். அவர் வரவில்லையே என்று அம்மா கேட்டதற்கு, “அவரு எங்கயும் போகமாட்டாருக்கா, அதான் கணக்குல கீறாரே” என்றார். நான் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த பிஸ்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மாமாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். இனி நான் செய்தது. அவர் செய்ததெல்லாம் வெறும் காகிதம். உண்மையான முட்டாள்தனத்தைச் செய்ய ஒரு தொழிலாளிதான் வேண்டியிருந்தது.

பேலட் உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் போடும் மரத்தட்டு. ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்பு நாக்கும் நுழைவதற்கு நடுவில் இடைவெளி இருக்கும். வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வருகிறது, பெட்டி போன பிறகு ஸ்கிராப் கடையில் மலை மாதிரி குவிகிறது. இந்தப் பக்கத்தில் பேலட் இல்லாத வீடு கிடையாது. கோழிக்கூடு, செருப்பு ஸ்டாண்டு, ஆட்டுக்கொட்டகை எல்லாம் பேலட்தான். பதினேழு வருஷமாக நான் பேலட்டோடு புழங்குகிறேன். அந்தப் பதினேழு வருஷத்தில் பேலட் மேல் வைத்த ஒரு பொருள்கூட நனைந்ததில்லை. ஏனென்றால் எங்கள் ஸ்டோருக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. இந்த ‘ஏனென்றால்’ மட்டும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

குட்டியானை வண்டியில் பேலட் ஏற்றிக்கொண்டு வந்தேன். நம் வீட்டு ஃப்ரிட்ஜ், பீரோ, வாஷிங்மெஷின் மூன்றையும் மேலே ஏற்றினேன். பிறகு தாத்தாவின் கட்டில். தலைப்பக்கம் நாலு அடுக்கு, கால்பக்கம் நாலு அடுக்கு, அதன் மேல் கட்டில், கட்டில் மேல் தாத்தா. ஏற்றி முடித்ததும் அவர் முகம் ஜன்னலின் மேல்கம்பிக்கு நேராக வந்துவிட்டது.

“இன்னா மாப்ள, சப்பரத்துல வெச்சிட்ட. சூடம் எங்க?” என்றார்.

அவர் கிண்டல் செய்கிறார் என்று புரியாமல் நான் பெருமைப்பட்டேன். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா தவிர அத்தனை பேரும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். குட்டியானை மூன்று நடை போய் வந்தது. வீடு வீடாகப் போய், எதை எவ்வளவு உயரம் ஏற்றுவது என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அறிவுரை சொன்னேன். சிலர் என்னை சார் என்று கூப்பிட்டார்கள். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதுவே கடைசி.

மரம் தண்ணீரில் மிதக்கும். உங்கள் சின்ன வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டு, வண்ணம் தீட்டச் சொல்லியிருப்பார்கள். முப்பது வீட்டில் டிப்ளமோ படித்தவர் உண்டு, குவாலிட்டி பார்க்கிறவர் உண்டு, ஜப்பான் போய் ட்ரெய்னிங் எடுத்து வந்தவர் ஒருவர் உண்டு. ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை. பேலட் எங்களுக்கு மரமாகவே தெரியவில்லை. அது கம்பெனிப் பொருள். கம்பெனிப் பொருள் வைத்த இடத்தில் நிற்கும்.

நாங்கள் இந்த வேலையில் இருந்த இரண்டு நாளும் உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவளும் சில வீண் வேலை செய்தாள், அதையும் மறைக்கக் கூடாது. எல்லா ஜன்னல் திரையையும் கழற்றித் துவைத்து மடித்து வைத்தாள். வெள்ளம் அழுக்குத் திரையைப் பார்த்தால் என்ன நினைக்குமோ தெரியவில்லை. டிவிக்குத் தன் கல்யாணப் புடவையைச் சுற்றினாள். ஆனால் மற்ற நேரத்தில் அவள் மண்டபத்துக்கு நடந்து போயிருக்கிறாள். மணமகள் அறைக்குப் பின்னால் பாத்திரம் வைக்கிற சின்ன அறை ஒன்று, கதவு தாழ்ப்பாளோடு இருப்பதைப் பார்த்திருக்கிறாள். வாட்ச்மேனிடம் தன் அப்பாவின் நிலைமையைச் சொல்லி, அந்த அறையை ஒழித்துச் சாவியை வாங்கி வைத்திருக்கிறாள். மாத்திரை, மாற்றுத்துணி, ரப்பர் ஷீட் எல்லாம் ஒரு டிபன் கேரியர் பையில். தடித்த ஜமக்காளத்தின் இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்து, இரண்டு சவுக்குக் கட்டையைச் செருகி, ஒரு தூளி செய்தாள்.

அந்தத் தூளியைத் தூக்க நாலு பெண்கள். உங்கள் அம்மா, எதிர்வீட்டு அக்கா, அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். அவர்கள் தென்மாவட்டத்துப் பெண்கள். தூளியில் தாத்தா கனத்துக்கு மூன்று அரிசி மூட்டையைப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த நாலு பேரும் மழையில் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். நானும் மாமாவும் வாசலில் நின்று பார்த்தோம். அரிசிக்கு ஊர்வலமா என்று மாமா கேட்டார். அக்கா திரும்பிப் பார்த்து, “ஆமா, உங்க திட்டத்துக்கு கருமாதி சோறு ஆக்க” என்றாள். அம்மாவிடம் நான் அன்று மாலை, அவரே வரமாட்டேன் என்கிறாரே, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அறை கிடைத்திருப்பதை அவள் அப்போதுதான் சொன்னாள். காலையில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

காலையில் பேசவில்லை. மழை விட்டிருந்தது, வெயில்கூட லேசாக அடித்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது டீ குடித்தேன். பத்தரை மணி இருக்கும். குளியலறையில் குடகுடவென்று சத்தம். வெள்ளம் வாசல் வழியாக மரியாதையாக வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கழிவுநீர்க் குழாய் வழியாக, பின்பக்கமாக, நாற்றத்தோடுதான் முதலில் வரும். தெருவில் தண்ணீர் வருவதற்கு முன்பே முன்னறையில் கணுக்கால் நனைந்துவிட்டது. அம்மா தாத்தாவின் அறைக்குள் ஓடினாள். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பேலட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது, ஃப்ரிட்ஜ் மேலே காய்ந்து நின்றது. பார்த்தாயா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு தெருப்பக்கம் இருந்து ஆறு வந்தது. முழங்காலுக்கு ஏறியது. ஃப்ரிட்ஜ் லேசாகத் தலையாட்டியது. யாரோ அடியில் இருந்து தட்டின மாதிரி ஒரு மூலை எழும்பியது. அப்புறம் நிதானமாக, அவசரமே இல்லாமல், சாய்ந்து குப்புற விழுந்தது. விழுந்த ஃப்ரிட்ஜும் முழுகவில்லை, மிதந்துகொண்டு சுவரில் போய் இடித்தது. மாமாவின் லேமினேஷன் திட்டம் தண்ணீருக்கு அடியில், தரையைப் பார்த்தபடி இருந்தது. பீரோ கிளம்பியது. அடுத்த வீட்டிலும் அதே சத்தம், அதற்கடுத்த வீட்டிலும் அதே சத்தம். தெரு முழுக்க நான் ஏற்றி வைத்த சாமான்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். ஆட்கள் தங்கள் தங்கள் வாஷிங்மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லித் திட்டுவது எனக்கு நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் கட்டில் ஞாபகம் வந்தது.

தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. தாத்தாவின் கனத்தால் கட்டில் முழுதாக மிதக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. கால்பக்க அடுக்கு முதலில் நழுவியது. கட்டில் பாதி சுற்றி, அறை வாசலுக்குக் குறுக்கே வந்தது. அடியிலிருந்து கழன்ற பேலட் ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு போய், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. கதவில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. உள்ளே தாத்தாவும் அம்மாவும். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. வேறு வழி கிடையாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அவர் தண்ணீருக்குள் போவார், அம்மாவால் ஒற்றை ஆளாக அவரைத் தூக்க முடியாது.

நான் கதவை மோதினேன். மோதமோத அது இறுகியது. கடப்பாரை வேண்டும். கடப்பாரை எண் பதினாலு, பரண் பின்வரிசை. பரணில் ஏறுகிற ஸ்டூல் மிதந்து சமையல்கட்டுக்குள் போயிருந்தது. கம்பெனி சேஃப்டி ஷூ கூட எண் போட்டுப் பரணில்தான் இருந்தது. வெறுங்காலால் பேலட்டை உதைத்தேன். ஆணி ஏறியது. நான் என்னென்னவோ கத்தினேன் போலிருக்கிறது. உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

“யோவ், கத்தாத. அடியில ஒரு பலகை கீது, அத்த ஒடை. நான் கட்டில தோள்ல தாங்கிகினு கீறேன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை யோவ் என்றது கிடையாது. தாத்தா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கட்டில் சுற்றாமல் நிறுத்திக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த நிலைமையிலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னாமா, உன் வூட்டுக்காரன் அசெம்பிளி பாயிண்டுக்கு போய்ட்டானா?” என்று கேட்டார்.

எதிர்வீட்டு அக்கா, அந்த இரண்டு பெண்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் தூளியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். என் நிலைமையைப் பார்த்தாள். திரும்பிப் போய், தன் வீட்டுப் பின்கட்டில் இருந்த அம்மிக் குழவியை எடுத்து வந்து கொடுத்தாள். அன்றைக்கு எங்கள் தெருவில் வைத்த இடத்திலேயே இருந்த ஒரே சாமான் அதுதான். தண்ணீருக்குள் குழவியால் இடித்தால் பாதி வேகம் தண்ணீருக்கே போய்விடுகிறது. எத்தனை தடவை இடித்தேன் என்று தெரியாது. பலகை முறிந்தது. கதவு விட்டது.

அம்மா கழுத்து வரை நனைந்து, கட்டிலின் சட்டத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். தோளில் தோல் உரிந்து ரத்தம். தாத்தாவின் முதுகு முழுக்க நனைந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. நான் தூக்கப் போனேன். மாடிப் பெண்களில் மூத்தவள், “அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்க நாலு பேரும் பழகிருக்கோம்லா” என்றாள். தள்ளி நின்றேன். அவர்கள் ஜமக்காளத்தை அவருக்கு அடியில் செருகி, ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். அசெம்பிளி பாயிண்டின் பச்சைப் பலகை முழுகி, அதன் உச்சி மட்டும் தெரிந்தது. அவர்கள் அதற்கு எதிர்ப்பக்கமாக, மேட்டுத்தெரு முனையில் ஆட்களை ஏற்ற வந்து நின்ற டிராக்டரைப் பார்த்து நடந்தார்கள். நான் மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். என் பங்கு அவ்வளவுதான்.

உங்கள் மாமா இந்த நேரமெல்லாம் மேட்டுத்தெரு முனையில் இருக்கும் அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் டிராக்டரை அடைந்த பிறகு இறங்கி வந்து, தூளியின் ஒரு முனையில் கை வைத்தார். அப்போது யாரோ எடுத்த போட்டோதான் அவர் செல்போனில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டுவது. அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். அவர் சட்டை காய்ந்திருக்கும்.

மண்டபத்தில் முப்பது குடும்பமும் இருந்தது. ஜப்பான் போய் வந்தவர் என்னைப் பார்த்து, பீரோவுக்கு எத்தனை அடுக்கு போடச் சொன்னீங்க சார் என்று கேட்டார். அந்த சாருக்கு அர்த்தம் வேறு. மண்டபத்துக்கு வந்திருந்த நர்ஸ் என் காலுக்கு மருந்து வைத்து ஊசி போட்டார். தாத்தாவையும் பார்த்தார். சூடு கொடுங்கள், பயமில்லை என்றார். பாத்திர அறையில் பாய் விரித்து, உலர்ந்த போர்வை போர்த்தி, அம்மா அவருக்குக் கஞ்சி கொடுத்தாள். உதட்டில் நிறம் வந்தது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் வரமாட்டேன் என்று சொன்னதால்தான் மாமா, இல்லையென்றால் அன்றைக்கே, என்று இழுத்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

“நான் வேணாம்னு சொன்னேன். இல்லன்னு சொல்லல. எனுக்கு வெக்கம். பீ மூத்தரம் அள்ளிப் போட ஆள் வேணும், அத்த ஊரு பாக்கக் கூடாதுன்னு எனுக்கு வெக்கம்” என்றார். மூச்சு வாங்கியது. “உனுக்கு இன்னா வெக்கம் மாப்ள? நீ ஏன் ஒடனே செரின்னு சொன்ன? எம் பொண்ணு போயி ரூமு பாத்துகினு வந்தா. நீ கட்டை அடுக்கின. என்னத் தூக்கறத விட அது சுளுவா பூட்ச்சி உனுக்கு.”

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு போய், அவர் கூச்சத்துக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் தேடிக் கொடுப்பது சிரமமான வேலை. மரத்தட்டு அடுக்குவது எனக்குத் தெரிந்த வேலை. அதைச் செய்துவிட்டு அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் வெட்கத்தை நான் மதித்தேன் என்று உங்கள் மாமா சொல்லும் கதையில் வருகிறது. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாலையில் துணி மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவால் அந்தத் தோளை உயர்த்த முடியவில்லை. அக்காவைக் கூப்பிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டேன். அவர் நம் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் இந்த வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை. எந்தப் பக்கம் புரட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. வாதம் விழுந்த பக்கத்தைப் பிடித்து இழுத்தேன்.

“மெல்ல, மாப்ள. வலிக்குது” என்றார்.

கையை எடுத்துவிட்டு, மறுபக்கம் வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, உள்ளே பெரிய அண்டா இருக்கிறதா, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். முடிய ரொம்ப நேரம் ஆனது. வேட்டியைச் சரியாகக் கட்டி, போர்வையை இழுத்துவிட்டு, கதவைத் திறக்கட்டுமா மாமா என்று அவரைக் கேட்டேன். அவர் சரி என்ற பிறகுதான் திறந்தேன்.